சிவப்பு கூடாது

மே மாதம் இரண்டாவது வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வெஸ்டர்ஹோம் தீயணைப்பு நிலையத்தின் பெரிய கதவு மேலேறும்போது வெளியே முந்நூறு பேர் டச்சுக்காரர்களாக நின்றிருப்பார்கள். வங்கி மேலாளர், பல் டாக்டர், பள்ளிப் பேருந்து ஓட்டும் அம்மாள், பன்றிப் பண்ணைக்காரர்கள், அவர்கள் பிள்ளைகள். காலில் கட்டைச் செருப்பு, பெண்கள் தலையில் கஞ்சி போட்ட குல்லாய். ஐயோவாவின் சோள வயல்களுக்கு நடுவே எங்கள் ஊர் மூன்று நாள் ஹாலந்திலிருந்து வந்த தன் முப்பாட்டன்களாக மாறும் டியூலிப் திருவிழா அது. வண்டிகளை வெளியே நகர்த்திவிட்ட அந்தக் கொட்டகையில் ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்திருக்கும் சின்ன உருவம்தான் பூன்லே குவாங். மணிக்கட்டில் ஊசி குத்திய பஞ்சுப் பட்டை, கழுத்தில் இன்ச் டேப், மடியில் விதிப் புத்தகம், சட்டையில் ‘உடைப் பரிசோதகர்’ என்று நூலால் எழுதிய வில்லை. அவர் தலையசைக்காமல் ஒருவரும் தெருவில் இறங்க முடியாது.

“ஜிப்பு.”

“உள்பக்கம்தானே இருக்கு பூன்லே, யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுதே. அந்தக் காலத்துல ஜிப் ஏது? ஓரமா நில்லு, கொக்கி வெச்சுத் தரேன். அடுத்தது யாரு?”

அடுத்தவர் வங்கி மேலாளர். போன வருடம் போட்ட அதே கால்சட்டைதான் என்றார்.

“கால்சட்டை அதேதான். நீங்கதான் பதினஞ்சு பவுண்டு ஏறிட்டீங்க. மூச்சை விடுங்க பார்ப்போம். பார்த்தீங்களா, பொத்தான் அழுவுது.”

எல்லாம் சரியாக இருந்தால் “மோசமில்ல” என்பார். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. திருமணத்தன்று மணப்பெண்ணுக்கும் அதேதான் கிடைக்கும்.

பூன்லே டச்சுக்காரர் இல்லை. தாய் டாம் என்ற இனம். அவர்களுக்கென்று ஒரு நாடு எந்த வரைபடத்திலும் இல்லை. வியட்நாமின் வடமேற்கு மலைகளிலிருந்து லாவோஸுக்கு விரட்டப்பட்டார்கள், அங்கிருந்து மெகாங் ஆற்றைத் தாண்டித் தாய்லாந்து முகாமுக்கு. 1975 நவம்பரில், பதினேழு வயதில், இந்த ஊர் தேவாலயம் பொறுப்பேற்றுக்கொண்ட ஒரே குடும்பத்தின் மூத்த மகளாக பூன்லே வந்து இறங்கினார். முகாமில் எழுதிய பட்டியலில் ஆறு பெயர். இறங்கியது ஐந்து பேர். பட்டியல் எழுதிய பிறகு, அத்தையைக் கூட்டி வருகிறேன் என்று தம்பி போங் ஆற்றைத் திரும்பத் தாண்டியிருந்தான்.

அவர்களை வீட்டில் வைத்துக்கொண்டவர் மார்லிஸ் டெர் லோ என்ற பண்ணைக்காரர் மனைவி. முகாமுக்குக் கடிதம் போட்டு ஆறு பேருடைய உடம்பளவையும் வரவழைத்து, ஆறு கம்பளிக் கோட்டுகளைத் தயாராகத் தொங்கவிட்டிருந்தார். ஐந்து கோட்டுகள் ஐந்து தோள்களில் அச்சாகப் பொருந்தின. ஆறாவதை மார்லிஸ் யாருக்கும் கொடுக்கவில்லை. “அவன் வந்தா குளிருமே” என்று சொல்லி அலமாரியிலேயே விட்டுவிட்டார். பதினொரு வருடம் அது அங்கே தொங்கியது. வருடா வருடம் பூச்சி உருண்டை மாற்றினார்.

இதை பூன்லே என்னிடம் பல முறை சொல்லியிருக்கிறார். எங்கள் வீடுகளுக்கு இடையே ஒரு கார் நிற்கும் அகலம்தான். ஜன்னல் தொழிற்சாலை வேலைக்காக நான் இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. பனி தள்ளும்போது, குப்பைத் தொட்டி வைக்கும்போது என்று துண்டு துண்டாகக் கேட்ட கதை. எந்தப் பேச்சும் கடைசியில் அந்தக் கோட்டில்தான் வந்து நிற்கும்.

“சோறு போட்டாங்க, சரி. துணி கொடுத்தாங்க, சரி. ஆனா அளவு கேட்டு வாங்கினாங்க பாருங்க. அகதிக்கு யாராவது அளவெடுப்பாங்களா?”

நன்றியைக் கையால்தான் காட்டத் தெரியும் அவருக்கு. முதல் குளிர்காலத்திலேயே மார்லிஸோடு உட்கார்ந்து திருவிழா ஏப்ரன் தைக்க ஆரம்பித்தார். நாற்பது வருடத்தில் இந்த ஊரின் பாதி உடைகள் அவர் தையல் இயந்திரத்தில் ஒரு முறையாவது ஏறி இறங்கியிருக்கும். அதுவரை பரிசோதகராக இருந்த மார்லிஸ், கண் மங்கியபோது தன் வில்லையை அவிழ்த்து இவர் சட்டையில் ஊக்கால் குத்தினார். அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழை ஒரு நீதிபதி கொடுத்தார், அது இரும்புப் பெட்டியில் கிடக்கிறது. இந்த வில்லையை ஊர் கொடுத்தது. பூன்லே எதைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும். வில்லை கைக்கு வந்த முதல் பதினான்கு வருடமும் அவர் அந்த முக்காலியில் சாதாரணச் சட்டையும் கால்சட்டையுமாகத்தான் உட்கார்ந்தார். ஏன் நீங்கள் போட்டுக்கொள்வதில்லை என்று ஒரு தடவை கேட்டேன். “என்னோடது இல்லையே” என்றார், பொத்தான்துளை தைத்துக்கொண்டே.

எனக்கு இதில் ஓர் உறுத்தல் உண்டு. இவர்கள் மூன்று நாள் ஹாலந்து உடை உடுத்தினால் இன்னும் கொஞ்சம் அமெரிக்கர்கள் ஆகிறார்கள். பூன்லே தன் இனத்துக் கறுப்புத் தலைத்துணியை ஒரு நாள் கடைக்குக் கட்டிக்கொண்டு போனால் இந்த ஊர்க்காரராக இருந்த நாற்பது வருடமும் அன்றைக்குக் கழன்றுவிடும்.

நான்கு வருடத்துக்கு முன்பு, ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை. புது உடை தைத்தவர்கள் முன்கூட்டியே பூன்லேயிடம் கொண்டுவந்து காட்டும் நாள். ஜோலீன் டி ஹோக் தன் உடையைக் கொண்டுவந்தார். கணவர் ஊர் இது என்பதால் ஒஹாயோவிலிருந்து குடிவந்து ஆறு வருடம் ஆனவர். எல்லாக் குழுவிலும் இருப்பார், எல்லாவற்றுக்கும் முதலில் கை தூக்குவார். உடையை ஹாலந்திலேயே, முதல் குடும்பங்கள் கிளம்பி வந்த அதே கிராமத்துத் தையல்காரியிடம் சொல்லித் தைத்திருந்தார். மெல்லிய காகிதத்தைப் பிரித்ததும் கூடத்திலிருந்த பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். தோளையும் மார்பையும் மூடும் துண்டு நல்ல சிவப்பில் கட்டம் போட்டு, பூ வைத்து, மின்னியது.

பூன்லே அதை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். “எவ்வளவு அழகான கை. இந்தத் தையல் எனக்கு வராது.” பிறகு புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். அதில் எண்பது வருடமாக மாறாத வரி: தோள் துண்டு நீலக் கட்டமாக இருக்க வேண்டும். சிவப்பு கூடாது.

“ஜோலீன், மத்ததெல்லாம் சரி. தோள் துண்டை மட்டும் மாத்தணும். நான் நீலத்துல தைச்சுத் தரேன், ஒரு வாரத்துல.”

“இது ஹாலந்துல தைச்சது.”

“தெரியுது. ஆனா புத்தகத்துல...”

“ஹாலந்துல தைச்சது டச்சு இல்லைன்னு நீங்க சொல்றீங்களா?” ஜோலீன் கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக, “நீங்க?” என்றார்.

அந்த இரண்டாவது ‘நீங்க’வைக் கூடத்தில் எல்லோரும் கேட்டார்கள். பூன்லே புத்தகத்தை மூடினார்.

அடுத்த வாரம் ஜோலீன் வீடு வீடாக ஒரு தாளோடு போனார். உடைப் பரிசோதகர் ஊரின் ஸ்தாபகக் குடும்பங்களின் வழி வந்தவராக இருக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம். என் வீட்டுக்கும் வந்தார், சூடான வாழைப்பழ ரொட்டியோடு.

“பூன்லே மேல யாருக்கும் ஒண்ணும் இல்லை. தங்கமானவங்க. ஆனா இது நம்ம அமெரிக்கக் கதை இல்லையா? அதைச் சொல்றவங்க அந்தக் கதையில இருந்து வந்தவங்களா இருக்கணும். நீங்களும் வெளியூர்தானே, உங்களுக்குப் புரியும்.”

விசாவில் இருப்பவன் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட மாட்டான். போட மாட்டேன் என்றும் சொல்ல மாட்டான். “பார்க்கலாம்” என்றேன். ரொட்டியை வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டும்விட்டேன்.

நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். குழுத் தலைவர் வெர்லின் வான் ரூக்கல், தீவனக் கடைக்காரர், தாளின் நகலைக் கொண்டுவந்து பூன்லேயிடம் கொடுத்தார். “கூட்டத்துல எடுத்துதான் ஆகணும், விதி அப்படி” என்று தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். பூன்லே கார்ப் பாதையில் நின்றபடியே வாசித்தார்.

“இதுல பாதிப் பேரோட இடுப்பளவு எனக்கு மனப்பாடம்” என்றார்.

மாநிலத் தலைநகரில் இருக்கும் அவர் மகன் ஆண்டி தொலைபேசியில் கத்தியது என் சமையலறை வரை கேட்டது. “விட்டுத் தொலைம்மா. சம்பளம்கூட இல்லாத வேலை.”

“சம்பளம் இருந்தா விட்டிருப்பேன்.”

ஆனால் பூன்லேயை அரித்தது தாள் மட்டும் இல்லை. அந்தச் சிவப்பு. அப்படித் தைக்கத் தெரிந்தவள் நிறத்தில் தப்புச் செய்வாளா? உடையின் கழுத்துப்பட்டியில் தையல்காரியின் முகவரி இருந்ததை அன்றே கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தார். எங்கள் ஊரில் ஏன் சிவப்பு கூடாது என்று எழுதிக் கேட்டார். பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிறு மதியம், கைப்பேசியோடு என் வாசலுக்கு வந்தார். கதவைத் தட்டாமல் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரம் நின்றாரோ.

பதிலை வாசித்தேன். தையல்காரி பணிவாகவே எழுதியிருந்தார். எங்கள் கிராமத்தில் சிவப்புத்தான் எல்லோருக்கும். நீலம் துக்கத்துக்கு. வீட்டில் சாவு விழுந்தவர்கள் மட்டும் நீலத் துண்டு போடுவார்கள். உங்கள் திருவிழாப் படங்களை இணையத்தில் பார்த்திருக்கிறோம். ஊர் முழுக்க, குழந்தைகள் உட்பட, வருடா வருடம் ஏன் துக்கம் காக்கிறார்கள் என்று எங்களுக்குப் புரியவில்லை. பெரிய வெள்ளம் ஏதாவது வந்ததா?

எனக்குச் சிரிப்பு வந்தது. பூன்லே சிரிக்கவில்லை.

“ஜோலீன் கொண்டுவந்ததுதான் சரி. பதினாலு வருஷமா நான் சரியானதை எல்லாம் திருப்பி அனுப்பியிருக்கேன்.”

“நீங்க எழுதின விதியா அது? சும்மா இருங்க. செவ்வாய்க்கிழமை கூட்டம் முடியட்டும். இப்ப இதைச் சொன்னா ஜோலீன் கையில நீங்களே கத்தியை எடுத்துக் கொடுத்த மாதிரி. யாருக்கும் தெரியப்போறதில்லை.”

“எனக்குத் தெரிஞ்சிடுச்சே” என்றார். “அது போகட்டும். மார்லிஸ்கிட்ட எப்படிச் சொல்றது?”

அதுதான் பெரிய சிக்கல். ஊரின் நீலம் வந்தது மார்லிஸின் பாட்டி ஹென்ட்ரிகாவின் பெட்டியிலிருந்து. 1936இல் முதல் திருவிழாவுக்கு அந்தப் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த உடையைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் வெட்டினார்கள். அந்த உடையில் ஹென்ட்ரிகா நிற்கும் புகைப்படம் இன்றும் நூலகத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. சிவப்பு கூடாது என்ற விதிக்கு வேறு காரணமே இல்லை. பெட்டியில் சிவப்பு இல்லை, அவ்வளவுதான்.

முதியோர் இல்லத்துக்கு நான்தான் காரோட்டினேன். மார்லிஸுக்கு அப்போது எண்பத்தாறு. கண் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். பூன்லே கட்டிலோரம் உட்கார்ந்து பதிலை முழுவதும் வாசித்தார்.

“கூட்டத்துல முதல்ல உங்க காதுல விழ வேண்டாம்னு வந்தேன்.”

மார்லிஸ் தலையணையில் சாய்ந்துகொண்டார். பிறகு போர்வைக்குள் வயிறு குலுங்கியது.

“எண்பது வருஷமா எழவு உடையில குதிச்சு ஆடியிருக்கோம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கப்பல்ல வரும்போது ஒரு குழந்தை போச்சும்பாங்க பூன்லே. பொண்ணா பையனான்னுகூட எங்களுக்குத் தெரியாது. பாட்டி அந்தப் பேச்சை எடுக்க விடமாட்டா. கரை சேர்ந்த வருஷம் எடுத்த படம் அது. நாங்க துணியை மட்டும்தான் பார்த்தோம், என்ன?”

“ஆமா.”

“செவ்வாய்க்கிழமை சொல்லப்போறியா?”

“சொல்லணும். சொன்னா வில்லை போயிடும்.”

“போகலாம்” என்றார் மார்லிஸ். போகாது என்று பொய் சொல்லவில்லை. பூன்லே கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை கிளம்பும்வரை விடவில்லை.

செவ்வாய் மாலை நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். காபி, தட்டில் வெட்டிய கேக் துண்டுகள். ஜோலீன் எழுந்து தீர்மானத்தை வாசித்தார். நன்றாகவே வாசித்தார், யாரையும் பழிக்காமல். அப்போதுதான் அது இன்னும் சரியென்று தோன்றும். வெர்லின், “பூன்லே, நீங்க ஏதாவது சொல்லணுமா?” என்றார்.

பூன்லே எழுந்தார். எழுந்தும் நாற்காலி உயரம்தான் தெரிந்தார்.

“ஜோலீன் உடை சரி. நான் சொன்னது தப்பு. நம்ம புத்தகம் தப்பு.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தையல்காரியின் பதிலை வாசித்தார். வெள்ளம் ஏதாவது வந்ததா என்ற இடத்தில் பின்வரிசையில் யாரோ காபியை மூக்கில் ஏற்றிக்கொண்டார்கள். பிறகு ஒரே சிரிப்பு. அது அடங்கியதும் பூன்லே கப்பலில் இறந்த குழந்தையைப் பற்றிச் சொன்னார். தலைக்கு மேலே, நூலகத்துச் சுவரில், அந்தப் படம் இருந்தது. எல்லோரும் பார்த்து வளர்ந்த படம். இப்போது சிலர் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள்.

ஜோலீன்தான் பேசினார். “இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம். ஆனா உங்க துண்டுல குத்தம் இல்லையே. குத்தம் இல்லாததைக் குத்தம்னு சொல்ல எனக்கு இந்த வில்லையை யாரும் கொடுக்கலை.”

உட்கார்ந்துவிட்டார். வெர்லின் தொண்டையைச் சரிசெய்தார். “தீர்மானம் முன்மொழிஞ்சாச்சு. வழிமொழியறது யாரு?”

எங்கள் ஊர்க் கூட்டங்களில் அது ஒரு சம்பிரதாயம். ஒருவர் முன்மொழிந்ததை இன்னொருவர் வழிமொழிந்தால்தான் வாக்கெடுப்புக்கு வரும். வழக்கமாக யாராவது தூங்கி எழுந்தாற்போல் ‘நான்’ என்பார்கள். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட கைகளெல்லாம் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தன. கையெழுத்துப் போடாத என் கையும்தான். பல் டாக்டர் தன் செருப்பைப் பார்த்தார். வெர்லின் இரண்டாம் முறை கேட்டார், மூன்றாம் முறையும் கேட்டார். பிறகு எழுதிக்கொண்டே சொன்னார்:

“வழிமொழிய ஆளில்லை. விழுந்தாச்சு. அடுத்து, வாடகைக் கழிப்பறைகள். போன வருஷம் பத்து பத்தலை.”

மன்னிப்பு என்ற சொல் இந்த ஊர்க்காரர்கள் வாயில் சுலபமாக வராது. அந்த மௌனம்தான் அது. வெளியே வந்தபோது பூன்லேயின் காரின் முன்கண்ணாடியை யாரோ சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள். ஒரு குடும்பம் மட்டும் அதற்குப் பிறகு அவரிடம் உடை காட்ட வருவதில்லை. திருவிழாவில் சாதாரண உடையிலேயே நின்று பார்க்கிறார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த மே மாதம் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் புதிய தாள் ஒட்டியிருந்தது. சிவப்பு எல்லோருக்கும். நீலம், யாரையாவது நினைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு. கதவு மேலேறியது. வரிசையில் பாதிக்கு மேல் பழைய நீலம்தான். புதிதாய்த் தைக்க நேரமில்லை என்றார்கள் சிலர். சிலர் ஒன்றும் சொல்லவில்லை.

முக்காலியில் பூன்லே டச்சு உடையில் இருந்தார். முதல் தடவையாக. கறுப்புப் பாவாடை, கஞ்சிக் குல்லாய், கருநீலக் கட்டத்தில் தோள் துண்டு. அவர் இனத்தில் துக்கத்துக்கு வெள்ளை. ஆனால் போங் வருவான், வெள்ளை கட்டாதே என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்ததால் அவர் அதுவரை எதையும் கட்டியதில்லை.

வெர்லின் வரிசையின் முதல் ஆள். “என்ன, எல்லாரையும் சிவப்புக்கு மாத்திட்டு நீங்க மட்டும் நீலத்துல?”

“எனக்கு ஒருத்தன் இருக்கான் வெர்லின். ஆறாவது கோட்டுக்காரன்.”

வெர்லின் தொப்பியைக் கழற்றினார். அந்தக் கோட்டு ஊருக்கே தெரியும். பின்னால் நின்ற ஆண்களும் காரணம் கேட்காமல் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள்.

“போதும், குளிரும், போடுங்க” என்றார் பூன்லே. “அடுத்தது.”

ஜோலீன் சிவப்பில் வந்து நின்றார். கூட்டத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. பூன்லே எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தோள் துண்டின் ஓரத்தை விரலால் தடவினார். பாவாடையின் அடிமடிப்பை அளந்தார். ஜோலீன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி, நேராக முன்னால் பார்த்தபடி நின்றார்.

“கை.”

“என்ன?”

“கையை முன்னால கொண்டுவாங்க.”

ஜோலீன் நீட்டினார். மணிக்கட்டில் கறுப்புப் பட்டை போட்ட, நடையை எண்ணுகிற கைக்கடிகாரம்.

“உங்க முப்பாட்டி எத்தனை அடி நடந்தாங்கன்னு எண்ணிக்கிட்டா வந்தாங்க?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜோலீன் முகம் சிவந்தது, பிறகு அவரும் சிரித்தார். கடிகாரத்தைக் கழற்றி, வைக்க இடம் தெரியாமல், பூன்லேயின் நீட்டிய கையில் வைத்தார்.

“சாயந்திரம் வந்து வாங்கிக்கிறேன்.”

“வாங்க. நீலத்துல ஒண்ணு தைச்சுத் தரணுமா?”

ஜோலீன் தன் சிவப்புத் துண்டின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். “எங்கம்மாவை நினைச்சுப் போட்டுக்க” என்றார் மெதுவாக. “அளவு எடுக்கணும் இல்லையா?”

“எடுக்கணும்” என்று பூன்லே கழுத்திலிருந்த டேப்பை அவிழ்த்தார். வெளியே, திருவிழா வழக்கப்படி தெருவைக் கழுவத் தண்ணீர் வாளிகள் இறங்கும் சத்தம் கேட்டது. தோளிலிருந்து மணிக்கட்டுவரை அளந்து, புத்தகத்தின் பின்னட்டையில் குறித்துக்கொண்டு, ஒரு அடி தள்ளி நின்று பார்த்தார்.

“மோசமில்ல. போங்க.”